ஆந்த்ரசைட் என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுகிறவர்கள் இந்தச் சொல்லை ஜன்னல் கேட்டலாக்கில் பார்க்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் விவகாரத்தைக் கவனிப்பவர்கள் ஃபில்டர் சர்வீஸ் பில்லில் பார்க்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் புவியியல் பாடத்தில் நிலக்கரியின் நான்கு வகைகளில் ஒன்றாக மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றுக்கும் மூலம் ஒரே கல்தான். எனக்கு அது ஃபில்டர் பில் வழியாக அறிமுகமானது. "இது என்ன, இவ்வளவு விலை?" என்று தேடத் தொடங்கியவன், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலச் சுரங்க ஊர்கள் வரை போய்விட்டேன். அப்படிச் சேர்ந்த கேள்விகளும் பதில்களும் இவை.

சுருக்கமாகச் சொன்னால் ஆந்த்ரசைட் என்பது என்ன?

நிலக்கரியிலேயே மிகவும் முதிர்ந்த, மிகவும் கடினமான வகை. அதில் 86 முதல் 97 சதவீதம் வரை கார்பன். ஈரமும் வாயுவாகப் பிரிந்து போகிற பொருள்களும் மிகக் குறைவு. கருப்பாக, கொஞ்சம் உலோகம் போலப் பளபளக்கும்.

ஆந்திராவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. சில புத்தகங்களில் 'ஆந்திரசைட்' என்று எழுதுவதால் வருகிற குழப்பம் இது. பக்கத்துத் தெலங்கானாவில் சிங்கரேணிச் சுரங்கங்கள் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. ஆனால் சிங்கரேணியில் எடுப்பது பிட்டுமினஸ் என்ற சாதாரண நிலக்கரி வகை, ஆந்த்ரசைட் இல்லை.

அப்படியானால் சொல் எங்கிருந்து வந்தது?

கிரேக்கத்திலிருந்து. அங்கே 'ஆந்த்ராக்ஸ்' என்றால் கரி, தணல். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தியோஃப்ராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் கற்களைப் பற்றி எழுதிய நூலில், பூமியிலிருந்து தோண்டி எடுத்துக் கொல்லர்கள் எரித்த கரிக்கும் இந்தச் சொல்தான், தணல் போலச் சிவந்த மணிக்கும் இதே சொல்தான்.

இந்த ஒரு வேரிலிருந்து கிளைத்த சொற்கள் நம் வாழ்க்கையில் நிறைய இருக்கின்றன. கால்நடை வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்லும் நோயின் பெயர் ஆந்த்ராக்ஸ். மனிதருக்குத் தோலில் வந்தால் புண்ணின் நடுவே கரி போலக் கருத்த பொருக்கு கட்டும், அதனால் அந்தப் பெயர். மாம்பழத்தில் கரும்புள்ளி விழுந்து அழுகுகிறதே, அந்தப் பூஞ்சை நோய்க்கு ஆந்த்ராக்னோஸ் என்று பெயர். கரித்தூள் நுரையீரலில் படிவது ஆந்த்ரகோசிஸ். 1832இல் கரித்தாரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருள் ஆந்த்ரசீன். லத்தீனிலும் இதே எண்ணம்தான். 'கார்பங்கிள்' என்றால் சின்னத் தணல். நாம் ராஜபிளவை என்கிற கட்டிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

நம் மொழியிலும் கரி தனியாக நிற்கவில்லை. கரிசல், கரிச்சான், கரிநாள் என்று மண்ணுக்கும் பறவைக்கும் நாளுக்கும் அது போயிருக்கிறது. கருப்பைக் கண்டதும் அடுப்பில் கிடக்கும் கரி நினைவுக்கு வருவது எல்லா மொழிக்காரர்களுக்கும் பொதுதான் போலும்.

தமிழில் இதற்குப் பெயர் இல்லையா?

'அனல்மிகு நிலக்கரி' என்று எழுதுகிறார்கள். நல்ல பெயர்தான், ஆனால் கடையிலோ பாடத்திலோ புழங்குவது ஆந்த்ரசைட்தான். அமெரிக்காவில் பழைய நாள்களில் இதைக் 'கல் கரி' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் வம்பு: நம் பாடநூல்களில் கற்கரி என்றால் கோக். அது உலையில் சுட்டு எடுக்கும் வேறு பொருள்.

நெய்வேலிக் கரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேல்படியும். சதுப்பில் புதைந்த தாவரம் முதலில் பீட் ஆகிறது, அப்புறம் லிக்னைட், அதற்கு மேல் பிட்டுமினஸ், கடைசியில் ஆந்த்ரசைட். நெய்வேலியில் இருப்பது லிக்னைட், அதாவது பழுப்பு நிலக்கரி. தோண்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். ஒரு கிலோ எரித்தால் சுமார் 2,600 கிலோ கலோரி கிடைக்கும். நல்ல ஆந்த்ரசைட் 7,000ஐத் தாண்டும். லிக்னைட்டை வெட்டிய இடத்திலேயே மின்நிலையம் கட்டி எரிப்பதற்குக் காரணம் இதுதான். பாதி தண்ணீரை லாரியில் ஏற்றிக்கொண்டு யார் ஊர் ஊராகப் போவார்கள்?

தூத்துக்குடி, மேட்டூர், வடசென்னை அனல்மின் நிலையங்களில் எரிவது லிக்னைட்டும் இல்லை, ஆந்த்ரசைட்டும் இல்லை. அது நடுப்படியில் இருக்கும் வகை.

அந்த மேல்படிக்கு எப்படி ஏறுகிறது? இந்தியாவில் கிடைக்குமா?

ஆழமும் காலமும் மட்டும் போதாது. பெரும்பாலும் மலைகள் எழும் அளவுக்கு நிலம் நெருக்கப்பட வேண்டும். பென்சில்வேனியாவில் நடந்தது அதுதான். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி அப்பலாச்சியன் மலைத்தொடர் மடிந்தபோது, நடுவில் சிக்கிய கரி அடுக்குகள் சூட்டிலும் அழுத்தத்திலும் தங்களிடம் இருந்த வாயுவையும் ஈரத்தையும் இழந்தன. மிச்சம் நின்றது கார்பன். உலகில் உள்ள நிலக்கரியில் ஆந்த்ரசைட்டின் பங்கு சுமார் ஒரு சதவீதம்தான்.

இந்தியாவில் ஜம்மு பகுதியில் காலாகோட் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. அதுவும் இமயமலை எழுந்த நெருக்கத்தில் சிக்கிய கரி.

இதைப் பற்றவைப்பது கடினம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தீக்குச்சிக்கு மசியாது. சாதாரண நிலக்கரியில் முதலில் வாயு கிளம்பி அது தீப்பிடிக்கும், கரி பின்னால் வரும். ஆந்த்ரசைட்டில் அந்த வாயுவே கிட்டத்தட்ட இல்லை. அதனால் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் இதைக் கொல்லர்கள் துருத்தி வைத்து எரித்தார்களே தவிர, மற்றவர்களுக்கு இது எரியாத கருங்கல்தான்.

பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேர் ஊரில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் விடுதி நடத்திவந்தார். 1808 பிப்ரவரி 11 அன்று, தரையிலிருந்து உயர்த்திய ஓர் இரும்புக் கம்பித் தட்டில் கரியை அடுக்கி, அடியில் விறகு மூட்டி எரித்துக் காட்டினார். துருத்தி இல்லை. கம்பிகளின் இடுக்கு வழியாகக் காற்று தானாகவே கீழிருந்து மேலேறியது, கரி கனன்றது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! ஆனால் அந்தத் தட்டுக்குப் பிறகுதான் இந்தக் கரி வீடுகளுக்குள் நுழைந்தது.

ஃபிலடெல்ஃபியா பக்கத்துக் கம்பி ஆலை ஒன்றைப் பற்றிச் சொல்லும் கதையும் உண்டு. வேலையாட்கள் இரவெல்லாம் கிண்டிக் கிண்டிப் பார்த்து, எரியவில்லை என்று உலைக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். சட்டையை மறந்துவிட்டுத் திரும்பிய ஒருவர் பார்த்தால், கதவே பழுக்கச் சிவந்திருந்ததாம். கிண்டாமல் விட்டதால்தான் எரிந்தது. இன்றும் இந்தக் கரி அடுப்பு வைத்திருப்பவர்கள் புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் முதல் பாடம் இதுதான்: கிளறாதே.

1840இல் டேவிட் தாமஸ் என்ற வேல்ஸ்காரர், சூடாக்கிய காற்றை ஊதி இந்தக் கரியாலேயே இரும்பு உருக்கும் உலையைப் பென்சில்வேனியாவின் கட்டசாக்குவாவில் ஓட்டிக் காட்டினார். அதன் பிறகு அந்தப் பகுதி பழைய மாதிரி இல்லை.

அளவுக்கு 'அரிசி', 'பார்லி' என்றெல்லாம் பெயர் உண்டாமே?

உண்டு. உடைத்துச் சலித்த ஆந்த்ரசைட்டை முட்டை, கொட்டை, பட்டாணி, அரிசி, பார்லி என்று துண்டின் அளவுப்படி விற்பார்கள். பெரிய அடுப்புக்குப் பெரிய துண்டு. தானாகக் கரி தள்ளிக்கொள்ளும் சின்ன அடுப்புகளுக்கு அரிசி அளவு. பென்சில்வேனியாவில் இன்றும் இந்தப் பெயர்களில் மூட்டை கிடைக்கும். ஒரு காலத்தில் கிளென் ஆல்டன் என்ற கம்பெனி தன் கரிக்கு நீலச் சாயம் பூசி, 'நீலக்கரி' என்று ரேடியோவில் விளம்பரம் செய்து விற்றது.

யார் அதை உடைத்தார்கள், சலித்தார்கள்?

இந்தக் கேள்வியை யாரும் அதிகமாகக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதால் நானே சேர்த்தேன்.

சுரங்க வாயிலுக்கு மேலே பல மாடி உயரத்தில் ஒரு கட்டடம் நிற்கும். 'பிரேக்கர்' என்பார்கள். கரி அதன் உச்சிக்குப் போய், உடைந்து, சரிவுப் பாதைகளில் கீழே ஓடிவரும். அந்தச் சரிவுகளின் மேல் பலகையில் குனிந்து உட்கார்ந்து, ஓடுகிற கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிவது சிறுவர்களின் வேலை. பத்து வயது, சிலருக்கு அதற்கும் கீழே. கையுறை போட்டால் கல்லுக்கும் கரிக்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது என்று போட விடமாட்டார்கள். விரல் நுனி வீங்கி, வெடித்து, ரத்தம் கசியும். தூசியில் பக்கத்துப் பையன் முகம் தெரியாது. லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் 1911 ஜனவரியில் பிட்ஸ்டன் ஊரில் எடுத்த புகைப்படங்களில் அந்தச் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு 'ஆந்த்ரசைட்' என்ற சொல் எனக்கு வெறும் நிறமாகத் தெரியவில்லை.

அதே காலத்தில் லாக்கவானா ரயில்வே ஒரு விளம்பரம் நடத்தியது. ஃபீபி ஸ்னோ என்ற கற்பனைப் பெண், தூய வெள்ளை உடையில் ரயிலில் போவாள். எங்கள் இன்ஜினில் எரிவது ஆந்த்ரசைட், புகைக்கரி படியாது, ஊர் போய்ச் சேரும்வரை உடை வெள்ளையாகவே இருக்கும் என்பது செய்தி. சொன்னது பொய்யில்லை. அந்த ரயில் ஸ்க்ரான்டன் வழியாகத்தான் போனது. அங்கே பிரேக்கர்கள் வரிசையாக நின்றன. பயணியின் உடையில் படியாத கருப்பு, அந்தப் பிள்ளைகளின் நுரையீரலில் படிந்தது.

சாவுகளும் குறைவில்லை. 1869 செப்டம்பர் 6, ஏவண்டேல் சுரங்கத்தில் தீ. வெளியேற இருந்தது ஒரே வழி, அதன் வாயில்மேலேயே மரத்தால் கட்டிய பிரேக்கர். அது எரிந்து விழுந்ததும் வழி அடைபட்டு 110 பேர் இறந்தார்கள். மறு ஆண்டே, சுரங்கத்துக்கு இரண்டு வழிகள் வேண்டும் என்று பென்சில்வேனியா சட்டம் போட்டது. 1902 மே மாதம் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். குளிர்காலம் நெருங்கியும் முடியவில்லை. நகரங்கள் கரியின்றி உறைந்துபோகும் என்ற நிலையில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டு விசாரணைக் குழு அமைத்தார். 10 சதவீதக் கூலி உயர்வும் பத்து மணி நேரத்துக்குப் பதில் ஒன்பது மணி நேர வேலையும் கிடைத்தன. சங்கத்தை மட்டும் முதலாளிகள் ஏற்கவில்லை.

உற்பத்தி உச்சம் தொட்டது 1917இல், ஏறத்தாழ 10 கோடி டன். அப்புறம் எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. 1959 ஜனவரி 22 அன்று, சஸ்கிஹன்னா ஆற்றுக்கு மிக நெருங்கிக் குடைந்த நாக்ஸ் சுரங்கத்தின் மேற்கூரை உடைந்து ஆறு உள்ளே பாய்ந்தது. 12 பேர் இறந்தார்கள். ஓட்டையை அடைக்க ரயில் பெட்டிகளைச் சுழலுக்குள் தள்ளினார்கள். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஆழ்சுரங்கத் தொழில் அதோடு பெரும்பாலும் முடிந்தது.

பூமிக்கு அடியில் இன்னும் எரிந்துகொண்டிருக்கும் ஊர் எது?

சென்ட்ரேலியா, அதுவும் பென்சில்வேனியாதான். 1962 மே மாதம் பழைய சுரங்கக் குழியில் கொட்டிய குப்பைக்கு வைத்த தீ, கரி அடுக்குக்குப் பரவியது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் காரணம். பற்றுவதற்கு அடம்பிடிக்கும் இந்தக் கரி, பற்றிவிட்டால் அணைவதற்கும் அதே அளவு அடம்பிடிக்கும். பழைய சுரங்கப் பாதைகள் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கிறது. 1981இல் பாட்டி வீட்டுக் கொல்லையில் நின்ற 12 வயதுச் சிறுவனின் காலடியில் நிலம் பிளந்தது. உறவுக்காரப் பையன் இழுத்துக் காப்பாற்றினான். 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் குடிகளை இடம் மாற்றப் பணம் ஒதுக்கியது. ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊரில் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மனிதர்கள். 2002இல் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் எடுத்துவிட்டார்கள்.

புகை வராது என்றால் நல்ல எரிபொருள்தானே?

பாதி சரி. புகையும் கரிப்படிவும் மிகக் குறைவு. 1952 டிசம்பரில் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் சட்டம் வந்தபோது, புகைக்குத் தடையுள்ள பகுதிகளில்கூட ஆந்த்ரசைட்டை எரிக்கலாம் என்று விட்டதற்கு அதுவே காரணம்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாததைக் கணக்கில் எடுங்கள். ஒரே அளவு வெப்பத்துக்கு, ஆந்த்ரசைட் பிட்டுமினஸ் கரியைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கார்பன் டைஆக்சைடு வெளியிடுகிறது. எல்லாமே கார்பன் என்றால் வருவதும் அதுதானே. இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு. கரியின்மேல் ஆடும் நீலச் சுடர் அந்த வாயு எரிவதுதான். காற்று போதாவிட்டால் அது எரியாமல் அறைக்குள் வரும். மணம் இல்லை, நிறம் இல்லை, புகையும் இல்லாததால் எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. தென்கொரியாவில் ஆந்த்ரசைட் தூளை உருளையாக அழுத்தித் துளையிட்ட 'யொன்டன்' என்ற கரிக்கட்டியால் பல பத்தாண்டுகள் வீட்டுத் தரையைச் சூடாக்கினார்கள். தூக்கத்திலேயே குடும்பம் குடும்பமாக இறந்தார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அறைக்குள் அடுப்புக்கரி மூட்டித் தூங்கியவர்கள் இறந்த செய்திகள் நமக்குத் தெரிந்தவை. கரி வேறு, கொல்லும் வாயு அதேதான். மூடிய அறையில் எந்தக் கரியையும் எரிக்காதீர்கள்.

இஸ்திரிப் பெட்டியிலோ கிரில் அடுப்பிலோ போடலாமா?

வேண்டாம். இஸ்திரிப் பெட்டிக்கு அடுப்புக்கரியும் சிரட்டைக்கரியும்தான் சரி. ஆந்த்ரசைட் அந்தச் சின்ன இடத்தில் கனலாது. உணவை எந்த நிலக்கரியிலும் சுடக்கூடாது, மரக்கரியில் மட்டும்.

இன்று எந்த நாடுகளில் எடுக்கிறார்கள்?

சீனா முதலிடம். வியட்நாமின் குவாங் நின் மாகாணத்தில், ஹாலாங் விரிகுடாவை ஒட்டியே பெரிய சுரங்கங்கள் இருக்கின்றன. உக்ரைனின் டான்பாஸ் பகுதியில் இந்தக் கரியின் பெயரையே கொண்ட ஓர் ஊர் உண்டு, அன்ட்ரசிட். 2014இல் தொடங்கிய போரில் அந்தச் சுரங்கங்கள் கைவிட்டுப் போனதால், ஆந்த்ரசைட்டுக்கென்றே கட்டிய மின்நிலையங்களை ஓட்ட உக்ரைன் 2017இல் பென்சில்வேனியாவிலிருந்து கப்பலில் வரவழைத்தது.

எங்கள் குடியிருப்பு ஃபில்டரில் இதை ஏன் போடுகிறார்கள்?

டூயல் மீடியா ஃபில்டர் என்றால் மேலே ஆந்த்ரசைட், கீழே மணல். ஆந்த்ரசைட் துகள் பெரிது, ஆனால் எடை குறைவு. மணல் சிறிது, ஆனால் கனமானது. தண்ணீர் மேலிருந்து இறங்கும்போது பெரிய அழுக்கு மேல் அடுக்கிலும் சின்னது மணலிலும் நிற்கும். வெறும் மணல் ஃபில்டர் மேற்பரப்பிலேயே சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பேக்வாஷ் செய்யும்போது, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டு ஃபில்டரைக் கழுவும்போது, எல்லாம் கலங்கினாலும், கனமான மணல் முதலில் படிந்து, ஆந்த்ரசைட் அதன்மேல் தானாக உட்காரும். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. எந்த மிஷினும் பிரிக்க வேண்டியதில்லை, எடையே பிரித்துவிடுகிறது.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். புதிதாகப் போட்டதும் கருந்தூள் வரும். தெளியும்வரை வடிகாலில் விட்டுவிடுங்கள். பேக்வாஷில் வேகம் கூடினால் ஆந்த்ரசைட்டே அடித்துக்கொண்டு போய்விடும், பிறகு மறுபடி வாங்கிக் கொட்ட வேண்டும். அப்புறம், இது ஆக்டிவேட்டட் கார்பன் இல்லை. குளோரின் வாடையையும் நிறத்தையும் இது எடுக்காது, டிடிஎஸ்ஸையும், அதாவது தண்ணீரில் கரைந்த உப்புகளையும், குறைக்காது. இரண்டும் கருப்புத் துகள் என்பதால் ஒன்றை மற்றொன்றின் பெயரில் பில் போட இடம் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வேறு எங்காவது நமக்குத் தெரியாமல் பயன்பட்டிருக்கிறதா?

பழைய கருப்பு டெலிபோனில். எடிசன் 1880களில் வறுத்த ஆந்த்ரசைட் துகள்களைப் பேசும் பகுதிக்குள் வைத்தார். குரல் தகட்டை அழுத்த, துகள்கள் நெருங்கி விலக, மின்சாரம் அதற்கேற்பக் கூடிக் குறையும். நீண்ட காலம் உலகம் பேசியது இந்த முறையில்தான். அந்தத் துகள்கள் கெட்டிப்பட்டால் குரல் மங்கும். அதனால்தான் ரிசீவரை உள்ளங்கையில் தட்டிவிட்டுப் பேசினால் தெளிவாகக் கேட்டது.

'ஆந்த்ரசைட் கிரே' ஜன்னல் எடுக்கலாமா? அது கருப்பா, சாம்பலா?

அடர்ந்த சாம்பல், கொஞ்சம் நீலம் ஓடும். ஜெர்மனியில் 1927இல் தொடங்கிய ரால் நிற வரிசையில் அதன் எண் 7016. கடைக்காரர் எண் சொல்லாமல் பெயர் மட்டும் சொன்னால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணைக் கேளுங்கள். அலுமினியத்தில் பவுடர் கோட்டிங் என்றால் பயமில்லை. யுபிவிசி பிளாஸ்டிக் என்றால், அடர்நிறம் வெயிலை உறிஞ்சும், மேற்கு பார்த்த சுவரில் ஃபிரேம் வளையக்கூடும். உள்ளே ஸ்டீல் வைத்ததா, அடர்நிறத்துக்கென்றே வாரண்டி உண்டா என்று எழுதி வாங்குங்கள்.

ஒரு துண்டு கையில் கிடைத்தால் ஆந்த்ரசைட்தான் என்று எப்படித் தெரியும்?

வெளிச்சத்தில் திருப்பினால் கண்ணாடிச் சில்லு போல வளைந்த உடைப்பு தெரியும். சாதாரண நிலக்கரியைவிடக் கெட்டியாக இருக்கும். கடைசியாக, விரலால் நன்றாகத் தேய்த்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். நல்ல துண்டு என்றால் துணியில் கறை இருக்காது.